ஜோடிச் சாவி

அத்தியாயம் 7

அன்று காலை டோரதி அடுப்பில் மெழுகு உருக்கிக்கொண்டிருந்தாள்.

ராயபுரத்து மாதா கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுவர்த்தித் துண்டுகளைக் கோயில்பிள்ளை அவள் கணவன் பாஸ்கலுக்கென்று எடுத்து வைப்பார். அவன் அவற்றை ஒரு பால்பவுடர் டப்பாவில் சேர்த்து வருவான். மீன் வண்டி ஓட்டுகிறவனுக்கு முதல் பகை உப்புத் தண்ணீர். ஐஸ் உருகி, மீன் கழுவிய தண்ணீரோடு சேர்ந்து, பலகை இடுக்கில் இறங்கி, வயர் மாட்டும் இடங்களையெல்லாம் பச்சை பூக்க வைத்துவிடும். மற்ற டிரைவர்கள் கிரீஸ் அப்புவார்கள், டியூப் ரப்பர் சுற்றுவார்கள். பாஸ்கல் மட்டும் மெழுகை உருக்கி ஊற்றி, சூடு ஆறுமுன் பெருவிரலால் அமுக்கி மூடுவான். பக்தி கொஞ்சம், கஞ்சத்தனம் கொஞ்சம் என்று டோரதி கேலி செய்வாள்.

வண்டி பழையது. சில வாரங்களாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துபோனது. கோளாறு எஞ்சினில் இல்லை, அதற்கு எப்போது எவ்வளவு டீசல் என்று உத்தரவு போடும் கம்ப்யூட்டர் பெட்டியில் என்று கண்டுபிடித்தவன் டோரதியின் தம்பி பென்னி. திருவொற்றியூரில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவன். பாஸ்கல் அதுவரை மெழுகு பூசாமல் விட்டிருந்த இடம் அது. அதே மாடல் வண்டி ஒன்று உடைப்புக்குப் போனபோது அதன் பெட்டியைத் தேடிப் பிடித்து வந்து அன்று மாட்டினான்.

பெட்டியோடு ஒரு சாவியும் வந்தது. இரண்டும் ஜோடி. அந்தச் சாவியின் தலைக்குள் இருக்கும் சில்லு பூட்டின் பக்கத்தில் இல்லாவிட்டால் பெட்டி எஞ்சினை எழுப்பாது என்று பென்னி சொன்னான். ஆனால் சாவியின் பல் பாஸ்கலின் பூட்டுக்குப் பொருந்தாது. ஆகவே திருப்புவதற்குச் சில்லு இல்லாத ஒரு மொட்டைச் சாவி வெட்டி வந்திருந்தான். ஜோடிச் சாவியைப் பூட்டுக்கு அடியில் அப்படியே கட்டி விட்டுவிட வேண்டும். டோரதிதான் நீல வலைநூலால் கட்டினாள். பழைய பெட்டியையும் அதன் சாவியையும் பென்னி ஒன்றாக டேப் சுற்றி, காயலான் கடையில் போடச் சொல்லிக் கொடுத்தான். பாஸ்கல் அதைச் சீட்டுக்கு அடியில் தள்ளினான். எதையும் தூக்கிப் போட அவனுக்கு மனம் வராது.

மெழுகு ஊற்றி, அமுக்கி, சுட்ட விரலை ஊதிக்கொண்டே சாவியைத் திருப்பினான். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

“பாத்தியா, ஒரே சாவி. ரெண்டாவது தபா திருப்பவே இல்ல,” என்றான்.

டோரதி டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று மாலை எர்ணாவூர் மேம்பாலத்தின் ஏற்றத்தில் அந்த வண்டி அணைந்து நின்றது. பின்னால் வந்த கன்டெய்னர் லாரியால் நிற்க முடியவில்லை.

*

யானைக்கவுனியில் தராசு பழுது பார்க்கும் கடையின் மாடியில் ராமசெல்வியின் அலுவலகம். இன்சூரன்சுக்காக விபத்து வண்டிகளைப் பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்துவிட்டுத் துப்பறிய வந்தவள். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பழைய டயர் வியாபாரத்தில் நொடித்துப்போன மொஹ்சின் அவளுடைய உதவியாளன். வாய் மட்டும் நொடிக்கவில்லை.

டோரதி அவர்களிடம் கொண்டு வந்தது ஒரே ஒரு கேள்வி. என் தம்பி செய்தானா, இல்லையா?

ஏனென்றால், நொறுங்கிய வண்டியை லாரிக்காரர்கள் தரப்பில் ஓர் ஆள் ஆராய்ந்து, உள்ளே இருப்பது அரித்துப்போன பழைய பெட்டிதான், புதிதாக எதையும் யாரும் மாட்டவில்லை என்று சொல்லிவிட்டான். பெட்டியை மாற்றிவிட்டேன் என்று ஊரறியச் சொன்னவன் பென்னி. வழக்கு அவன்மேல் திரும்பியது. ஜாமீனில் வந்து தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடுகிறான். அவனிடம் இப்போது யாரும் வண்டி விடுவதில்லை.

டோரதி அந்தப் பெட்டி மாறியதைக் கண்ணால் பார்த்தவள். ஆனால் மனைவியும் அக்காவுமாக இருப்பவளின் கண்ணை யார் நம்புவார்கள்? வீட்டிலேயே நம்பவில்லை. பாஸ்கலின் தாய் சிலுவையம்மாள், என் பிள்ளையைக் கொன்றவன் இந்தப் படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். மகன் போன பிறகு அந்த அம்மாள் சோறு தின்றதும் எழுந்து நடமாடியதும் அந்தக் கோபத்தின் பலத்தில்தான். டோரதி அவளுக்குச் சோறு போட்டுவிட்டு, தம்பிக்கு ஒரு தூக்கில் எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய் வந்தாள்.

*

பிடித்து வைத்த வண்டிகளை எண்ணூரில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு பொட்டலில் போட்டிருந்தார்கள். சாம்பல் பறந்து எல்லா வண்டியும் ஒரே நிறமாகியிருந்தது. வக்கீல் மூலமாக அனுமதி வாங்கியிருந்ததால் ஏட்டு கயிற்றை அவிழ்த்துவிட்டு நிழலுக்குப் போனார்.

பாஸ்கலின் வண்டியில் முன்பாதி மட்டும் மிச்சமிருந்தது. மொஹ்சின் சுற்றிப் பார்த்துவிட்டு, “வண்டின்னு போர்டு மாட்டினாதான்க்கா இது வண்டின்னு தெரியும்,” என்றான். சொன்ன பிறகுதான் டோரதி பக்கத்தில் நிற்பது அவனுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். டோரதிக்குக் கோபம் வரவில்லை. அவளைச் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் கிசுகிசுத்தே பேசிப் பழகிவிட்டார்கள். யாரோ ஒருவர் சாதாரணமாகப் பேசியது காதுக்கு இதமாகத்தான் இருந்தது.

ராமசெல்வி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தலையை நுழைத்து டார்ச் அடித்தாள். பெட்டி பழையதுதான், சந்தேகமே இல்லை. ஓரமெல்லாம் பச்சை. அவள் பெட்டியை விட்டுவிட்டு அதில் மாட்டும் பிளக்கைப் பார்த்தாள். வண்டியின் வயரோடு சேர்ந்த பிளக். அதன் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் ஒட்டியிருந்தது.

“மெழுகு,” என்றாள். “பெட்டிப் பக்கம் துளி மெழுகு இல்ல. பிளக்குல மட்டும் இருக்கு. அப்போ மெழுகு ஊத்தினது வேற பெட்டி மாட்டியிருந்தப்போ. நீங்க பார்த்தது நிஜம் டோரதி. புதுப் பெட்டி இங்க இருந்திருக்கு. அப்புறம் யாரோ கழட்டியிருக்காங்க.”

நாள்கணக்காக டோரதியையும் பென்னியையும் தவிர யாருமே சொல்லாத ஒன்றை இன்னொரு வாய் சொல்கிறது. ஆனால் அந்த நிம்மதி நிலைக்கவில்லை. ராமசெல்வி விரல் நுனியால் வளையத்தைத் தடவிக் காட்டினாள். விரலில் கரி.

நெம்பி எடுத்திருந்தால் மெழுகு பொரிந்து உதிர்ந்திருக்கும், இது இளகி விட்டிருக்கிறது என்றாள். அடியில் நெருப்புக் காட்டியிருக்கிறார்கள்.

“திருடன் ரொம்ப பதமான ஆளு,” என்றான் மொஹ்சின். “மெழுகுக்கு ஒத்தடம் குட்த்து கீறான்.”

“பாஸ்கல் சிகரெட் பிடிப்பாரா?” என்று கேட்டுவிட்டு ராமசெல்வி கண்ணாடியைத் துடைத்தாள்.

இல்லை என்றாள் டோரதி.

“பென்னி?”

டோரதி ஆமாம் என்று தலையசைத்தாள். விபத்து நடந்த அன்று மத்தியானம் காசிமேட்டில் பாஸ்கலின் வண்டிக்குள் பென்னி குனிந்துகொண்டிருந்ததைப் பார்த்ததாக ஒரு மீன்காரி சொல்லியிருந்தாள். சிலுவையம்மாள் தெருவெல்லாம் அதைத்தான் சொல்லி அழுகிறாள். புதுப் பெட்டியை மாட்டுவதுபோல் மாட்டி, மத்தியானம் வந்து உருவிக்கொண்டு போய்விட்டான் என்று. டோரதி அதையும் இப்போது மெல்லச் சொன்னாள். மறைத்து என்ன ஆகப்போகிறது?



டோரதி எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டும்போல் ஸ்டியரிங் பக்கம் கையை நீட்டினாள். பூட்டுக்கு அடியில் தடவினாள். வெறும் இரும்பு. “இங்கதான் கட்டினேன்,” என்றாள். “நூலையே காணோம்.”

ராமசெல்வி சட்டென்று நிமிர்ந்தாள். எந்த நூல், எந்தச் சாவி என்று கேட்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். பிறகு, பூட்டிலிருந்து எடுத்து போலீஸ் உங்களிடம் கொடுத்த சாவி எங்கே என்றாள்.

அது டோரதியின் பர்ஸிலேயே இருந்தது, பாஸ்கலின் ஜெபமாலையோடு. தினமும் அதைக் கைக்குள் வைத்துக்கொண்டுதான் படுத்தாள். பிடித்திருந்தாளே தவிர ஒருநாளும் பார்க்கவில்லை. இப்போது வெயிலில் பார்த்தாள். மொட்டைச் சாவி இல்லை. கறுப்புத் தலை வைத்த தடித்த சாவி. தலையில் பிசுபிசுவென்று டேப்பின் பசை.

“பென்னிகிட்ட போவோம்,” என்றாள் ராமசெல்வி.

*

திருவொற்றியூரில் பென்னியின் கடை என்பது ஒரு ஷட்டர், ஒரு பெஞ்சு, இரண்டு பேட்டரி. அவன் வெறுமனே உட்கார்ந்திருந்தான். அக்காவோடு வந்தவர்கள் யாரென்று தெரிந்ததும் எழுந்து நின்றான். உட்காரச் சொல்லவில்லை. குற்றவாளி என்று சொல்ல வந்திருக்கிறார்கள் என்றே நினைத்திருப்பான்.

ராமசெல்வி சாவியை பெஞ்சின்மேல் வைத்தாள். அவன் அதை எடுத்துப் புரட்டினான்.

“இது பழைய பெட்டியோட சாவிக்கா. நான் டேப் சுத்திக் குட்த்தது. இது எப்படி உன்கைல?”

பூட்டில் இருந்ததாம் என்று டோரதி சொன்னாள்.

அன்று மத்தியானம் நீ வண்டிக்குள் என்ன செய்தாய் என்று ராமசெல்வி கேட்டாள். பெட்டி சூடாகிறதா என்று தொட்டுப் பார்க்கப் போனதாகவும், மாமா டீ குடிக்கப் போயிருந்ததாகவும், புதுப் பெட்டி அப்போது வைத்த இடத்திலேயே இருந்ததாகவும் சொன்னான். இதை ஸ்டேஷனிலும் சொன்னானாம். சிரித்தார்களாம்.

“இப்போ ஒண்ணு கேக்கறேன். யோசிச்சுச் சொல்லு. யாரோ புதுப் பெட்டியைத் திருடிட்டு, பழையதை மாட்டி வச்சிட்டுப் போயிட்டாங்க. உங்க மாமாவுக்குத் தெரியாது. அவர் வந்து மொட்டைச் சாவியைப் போட்டுத் திருப்புறார். என்ன ஆகும்?”

“ஒண்ணும் ஆகாது. பழைய பெட்டிக்குப் பழைய சாவி வேணும். மொட்டைச் சாவில சில்லு கிடையாது. செத்தாலும் கிளம்பாது.”

“ஆனா கிளம்பி எர்ணாவூர் வரைக்கும் போயிருக்கு. பழைய சாவியில. டேப்பைப் பிரிச்சு, அந்தச் சாவியை எடுத்துப் பூட்டுல போட்டு ஓட்டினது யாரு?”

பென்னிக்குப் புரிந்துவிட்டது. டோரதிக்கும். மொஹ்சின்தான் இன்னும் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மெழுகை நெம்பாமல் இளக்கத் தெரிந்தவன் அதை ஊற்றியவன்தான் என்றாள் ராமசெல்வி. திருட்டே நடக்கவில்லை. பாஸ்கல் தன் கையாலேயே புதுப் பெட்டியைக் கழற்றி, பழையதை மாட்டியிருக்கிறான்.

விடுதலையான மனிதன் மகிழ்வான் என்று மொஹ்சின் எதிர்பார்த்திருக்க வேண்டும். பென்னியின் தோளைத் தட்டினான். பென்னி ஒரு கந்தலை எடுத்து, அழுக்கே இல்லாத கையை வெகுநேரம் துடைத்தான்.

“மாமாவா கழட்னாரு,” என்றான். “கெட்டுப்போனதுன்னு நான்தானே சொன்னேன் அவராண்ட.”

*

ஆட்டோவில் ராயபுரம் திரும்பும்போது மொஹ்சின்தான் அடுத்த நூலைப் பிடித்தான். விபத்தில் நொறுங்கிய வண்டியில் அந்தப் புதுப் பெட்டி இல்லை. வீட்டிலும் இல்லை. அப்படியானால் வேறொரு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

“காசிமேட்ல இது சகஜம்க்கா. ஒரே மாடல் வண்டி வச்சிருக்கிறவன் ஒருத்தன் இன்னொருத்தனுக்கு ஒரு நடைக்கு சாமான் கைமாத்தா குடுப்பான். ஸ்டெப்னி, டைனமோ, இன்னா வேணா. மீன் நிக்குமா? ஐஸ் உருகிடுமே. என் டயர் கூட அப்படிப் போய்க்கீது. டயர் திரும்பி வந்துது, காத்துதான் வரல.”

அந்த மாடல் வண்டி இன்னும் யாரிடம் இருக்கிறது என்று ராமசெல்வி கேட்டாள்.

டோரதிக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பாஸ்கலின் தோஸ்து கருணாகரன். பாஸ்கலும் அவனும் ஒரே நாளில் பழைய வண்டி வாங்கியவர்கள். தினமும் துறைமுகத்துக்குப் போகிற வழியில் அவர்கள் தெருமுனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவான். சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவன் முன்னால் நின்றான். அதற்குப் பிறகு அந்த ஹாரன் கேட்கவேயில்லை. துக்கத்துக்கு மரியாதை என்று அவள் நினைத்திருந்தாள். வேறு தெரு வழியாகப் போகிறான் என்று இப்போதுதான் தோன்றியது.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் கருணாகரனின் வண்டி நின்றது. அவன் மனைவி கன்னியம்மா மீன் கூடைகளை ஏற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். டோரதியைப் பார்த்ததும் கருணாகரன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். ராமசெல்வி அவனிடம் எதுவும் கேட்கவில்லை. டிரைவர் பக்கக் கதவைத் திறந்துவிட்டு விலகி நின்றாள்.

பூட்டில், கருணாகரன் தன் பூட்டுக்கென்று வெட்டிக்கொண்ட ஒரு மொட்டைச் சாவி. அதற்கு அடியில் நீல வலைநூலில் இன்னொரு சாவி. முடிச்சு மட்டும் வேறு கை போட்டது.

“எட்டிப் பாக்கட்டுமா?” என்றாள் டோரதி. யாரிடம் அனுமதி கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சீட்டுக்குப் பின்னால் பெட்டி சுத்தமாக இருந்தது. பிளக்கைச் சுற்றி மெழுகு. லைட்டர் கரி படிந்த அந்த மெழுகில் ஒரு பெருவிரல் அழுத்தமாகப் பதிந்திருந்தது. ரேகை கூடத் தெரிந்தது. அவள் அதைத் தொடவில்லை.

கருணாகரன் கேட்காமலே சொன்னான். அன்று பிற்பகலில் அவன் வண்டியின் பெட்டி சுத்தமாகச் செத்துவிட்டது. நெல்லூருக்குப் போக வேண்டிய மீன் ஏற்றியாகிவிட்டது. பாஸ்கலுக்கு எர்ணாவூர் வரைக்கும் ஒரு சின்ன நடைதான். அவனே கழற்றினான், அவனே மாட்டினான். லைட்டர் கருணாகரனுடையது. பாஸ்கல்தான் மெழுகை மறுபடி இளக்கிப் பெருவிரலால் அமுக்கினான்.

“வோணாம்னேன் தங்கச்சி. ‘நீ நெல்லூர் போறவன், நடுவழில நின்னா மீன் நாறிடும். எனக்கு இன்னா, எர்ணாவூர்தானே, உருட்டிக்கினு போய்ட்டு வந்துடுவேன்’னான். ஒரு நடைதானேன்னான்.”

மறுநாள் காலை அவன் நெல்லூரிலிருந்து திரும்பியபோது பாஸ்கல் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள்.

“ரெண்டு தபா சாவிய அவுத்து எட்துகினு உன் வூட்டு வரைக்கும் வந்தேன். உள்ள உங்க மாமியாரு பென்னியத் திட்டிகினு இருந்தாங்க. திரும்பிட்டேன்.”

*

ராமசெல்வி டோரதியைச் சற்றுத் தள்ளி அழைத்துப் போனாள். கண்ணாடி கையில் இருந்தது. துடைக்கவில்லை.

கருணாகரன் இதையே ஸ்டேஷனில் சொன்னால் பென்னிமேல் உள்ள வழக்கு நிற்காது என்றாள். ஆனால் இன்னொன்று நடக்கும். கெட்டுப்போன பெட்டி என்று தெரிந்தே மேம்பாலம் ஏறியவன் பாஸ்கல் என்று ஆகும். லாரிக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். செத்தவன்மேல் பழியைப் போடுவது அவர்களுக்குச் சுலபம். ஒரே நாளில் முடிகிற காரியமும் இல்லை, வாய்தா வாய்தாவாக இழுக்கும்.

“இப்பவே சொல்லணும்னு இல்ல. நானும் மொஹ்சினும் கருணாகரனும் இதை மறந்துட முடியும்.”



டோரதி சிலுவையம்மாளை நினைத்தாள். உன் பிள்ளையைக் கொன்றவன் பென்னி இல்லை என்று சொல்லலாம். அடுத்து, பின்னே யார் என்று கேட்பாளே. உன் பிள்ளையின் நல்ல மனசு என்று சொன்னால் அந்தத் தாய் எதைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருவாள்? நம்பமாட்டாள். தம்பிக்காக என் மகனைக் காட்டிக்கொடுத்தாய் என்பாள். பென்னிக்கு மூடிய கதவு டோரதிக்கும் சேர்த்து மூடும். பென்னி மட்டும் என்ன, வழக்கு தீர்ந்தால் பழைய பென்னியாகிவிடுவானா? துடைத்துக்கொண்டே இருந்த அந்தக் கை கண்ணுக்குள் நின்றது.

பாஸ்கலோ திரும்பி வரப்போவதில்லை, எப்படிச் சொன்னாலும்.

“பாஸ்கல் இனிமே எந்த ஸ்டேஷனுக்கும் போப்போறதில்ல மேடம்,” என்றாள். “தெனிக்கும் போய்க்கினு கீறது பென்னிதான்.”

ராமசெல்வி தலையசைத்தாள். கருணாகரனிடம் போய், வண்டியோடு வர வேண்டியிருக்கும், பெட்டியைக் காட்டியாக வேண்டும் என்றாள். வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார்களா என்று அவன் கேட்டான். வைத்துக்கொள்ளலாம் என்று ஒளிக்காமல் சொன்னாள். இதைக் கேட்ட கன்னியம்மா ஏற்றிய கூடைகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தாள். மொஹ்சின் சட்டைக் கையை மடித்துவிட்டு அவளோடு சேர்ந்து இறக்கினான். மீன் தண்ணீர் அவன் பேன்ட்டில் வழிந்தது.

டோரதி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பாஸ்கலின் வண்டியில் எந்தப் பக்கம் உட்காருவாளோ அதே பக்கம். கருணாகரன் ஏறி, அவள் முகத்தைப் பார்க்காமல், மொட்டைச் சாவியைப் பிடித்தான். நீல நூலில் அந்த இன்னொரு சாவி ஆடியது.

திருப்பினான்.

ஒரே சாவி. எஞ்சின் பிடித்துக்கொண்டது.